கடிக்கு ஓரணா கொடுத்த டாக்டர்

உப்பலில் சாயங்காலம் ஆறு மணியானால் ஜன்னலைச் சாத்தாத வீடு இல்லை. ஒரு பக்கம் மூசி நதி. இன்னொரு பக்கம் நல்ல செருவு. பெயரைக் கேட்டுவிட்டு, நல்ல தண்ணீர் ஏரி போலிருக்கிறது என்று ஊரிலிருந்து புதிதாக வருகிற நம்மவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. பல ஆண்டுகள் சாக்கடை நீர் கலந்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த அந்த ஏரிக்குத் தமிழ் அர்த்தத்தைவிடத் தெலுங்கு அர்த்தமே பொருத்தம்.

தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தமிழர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்குகிறார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து டிரம்மில் நிரப்பிக்கொள்கிறார்கள். மழைக்காலம் வந்தால் அறைக்கு ஒருவராவது காய்ச்சலில் படுக்கிறார். தினக்கூலிக்காரனுக்கு ஒரு வாரக் காய்ச்சல் என்றால் ஒரு வாரச் சம்பளம் போயிற்று; டாக்டர் பீஸ், ரத்தப் பரிசோதனைச் செலவு வேறு. ஊருக்கு அனுப்ப வேண்டிய மணியார்டர் அந்த மாதம் போகாது.

"எல்லாம் இந்த ஊர்க் கொசு" என்று அலுத்துக்கொள்கிறோம். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள சம்பந்தம் முதன்முதலில் கண்ணுக்குத் தெரிந்ததே இந்த ஊரில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. உப்பலில் மெட்ரோ ரயில் ஏறினால் வண்டி மாறாமல் பிரகாஷ் நகரில் இறங்கலாம். அங்கே பேகம்பேட்டைப் பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. சர் ரொனால்ட் ராஸ் பெயரில் உள்ள அந்த ஆராய்ச்சிக் கூடம் உஸ்மானியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்தப் பகுதியில்தான் ஒரு ராணுவ டாக்டர் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து கொசுவின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

பீப்பாயைக் கவிழ்க்காதே!

ரொனால்ட் ராஸ் 1857-இல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. பையனுக்குக் கவிதை எழுதவும் படம் வரையவும்தான் ஆசை. அப்பாவின் கட்டாயத்துக்காக டாக்டருக்குப் படித்து, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். வேலை நேரம் போகக் கதை எழுதினார், கணக்குப் போட்டார். பெரிய டாக்டர் என்று யாரும் அப்போது அவரைச் சொல்லவில்லை.

1883-இல் பெங்களூரில் இருந்தபோது அவருடைய பங்களாவில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டு தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்துவிட்டது. ராணுவ மெஸ்ஸிலும் இதைச் செய்யலாமே என்று அங்கிருந்த அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அந்த அதிகாரி ஒப்பவில்லை. கொசுவையும் ஏதோ ஒரு காரியத்துக்காகத்தான் ஆண்டவன் படைத்திருக்கிறான், இயற்கையின் ஒழுங்கை நாம் குலைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். ராஸ் தம் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். அந்த அதிகாரி சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. சரியான பாதிக்குப் பிறகு வருவோம்.

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்துக் காற்றால் குளிர்காய்ச்சல் வருகிறது என்றுதான் உலகம் நம்பியிருந்தது. 1880-இல் அல்ஜீரியாவில் லாவரான் என்ற பிரெஞ்சு டாக்டர், காய்ச்சல்காரரின் ரத்தத்தில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அது எப்படி ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குப் போகிறது என்பது மட்டும் விளங்கவில்லை. லண்டனில் டாக்டர் பேட்ரிக் மேன்ஸன், கொசுவாக இருக்கலாம் என்று ராஸிடம் சொன்னார். அந்த ஒரு யோசனையைக் கையில் பிடித்துக்கொண்டு 1895-இல் ராஸ் செகந்திராபாத் வந்து சேர்ந்தார்.

இரண்டு ஆண்டுகள் வீணாயின. அவர் பிடித்துப் பார்த்ததெல்லாம் வேறு ஜாதிக் கொசுக்கள். நடுவில் காலரா வேலைக்காகப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். ஊட்டிக்குப் போனவர், சிகூர் மலைப்பாதையில் மலேரியாவைத் தேடிப்போய்த் தாமே அதில் படுத்தார். 1897 ஜூனில் மீண்டும் செகந்திராபாத். அந்த ஆண்டு வெயிலும் புழுக்கமும் அதிகம். விசிறி போட்டால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும். ஆகவே விசிறி கிடையாது. நெற்றி வேர்வையும் கை வேர்வையும் பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன. கண்ணாடிச் சில்லு ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் மனிதர் ஒரு கொசுவுக்கு மணிக்கணக்காகச் செலவிட்டார்.

ஆகஸ்டு மத்தியில் அவருடைய ஆட்கள் ஒரு பாட்டிலில் புதுவகைப் புழுக்களைக் கொண்டுவந்தார்கள். அவை கொசுவாகி வெளிவந்தபோது இறக்கையில் புள்ளிகள் இருந்தன. மலேரியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்த ஹுசேன் கான் என்பவரைக் கொசுவலைக்குள் படுக்க வைத்து, 16-ஆம் தேதி அந்தக் கொசுக்களைக் கடிக்கவிட்டார்கள். கடிக்கு ஓரணா கூலி. பத்துக் கொசு கடித்தன. பத்தணா கொடுத்தார் ராஸ். உலகத்துக்கே பிரயோஜனமான ஒரு கண்டுபிடிப்பில் ஹுசேன் கானுக்குக் கிடைத்தது அந்தப் பத்தணாதான். அவருடைய பெயராவது புத்தகங்களில் நின்றதே, அதுவரை சந்தோஷம்.

சில கொசுக்கள் தாமாகவே செத்தன. சிலவற்றை அறுத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. ஆகஸ்டு 20-ஆம் தேதி மிஞ்சியிருந்த கொசுக்களில் ஒன்றை அறுத்தார். வயிற்றின் சுவரில் உருண்டையாகச் சில அணுக்கள். அவற்றுக்குள் கறுப்புப் பொடி. மனித ரத்தத்திலுள்ள மலேரியாக் கிருமியில் இருக்கும் அதே கறுப்புப் பொடி! மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தபோது அந்த உருண்டைகள் முதல் நாளைவிடப் பெரிதாக இருந்தன. அதாவது கிருமி கொசுவுக்குள் உயிரோடு வளர்கிறது.

இத்தனைக்கும் பிறகு மேலிடம் அவரை ராஜபுதனத்துக்கு மாற்றியது. அங்கே மலேரியாவே இல்லை! சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு ஒரு வழியாகக் கல்கத்தாவுக்கு வந்து, மனிதருக்குப் பதில் பறவைகளை வைத்துச் சோதித்து, 1898 ஜூலையில் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்வதையும் கண்டார். மனித மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் கொசுவே என்பதை அதே ஆண்டில் இத்தாலியில் கிராஸி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் முழுமையாக நிரூபித்தார்கள். யாருக்குப் பெருமை என்று இருவருக்கும் பெரிய சண்டை. 1902-இல் நோபல் பரிசு ராஸுக்கே கிடைத்தது. ஆகஸ்டு 20-ஐ இன்றும் உலகக் கொசு நாள் என்று சொல்கிறார்கள்.

சாக்கடைக் கொசு வேறு, டிரம் கொசு வேறு

ராஸ் இரண்டு ஆண்டு வீணாக்கியதன் காரணம் நமக்கும் பாடம். கொசு ஒன்றல்ல. உலகில் மூவாயிரத்து ஐந்நூறு வகைக்குக் குறையாது. எது எந்த நோயைக் கொண்டுவருகிறது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே புகையைப் போட்டுப் பயனில்லை.

சாயங்காலம் உப்பல் வீடுகளில் மொய்ப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். சாக்கடை, தேங்கிய அழுக்கு நீர் இதன் பிறப்பிடம். யானைக்கால் நோயைப் பரப்புவது இது. ஆகாயத்தாமரையின் வேரில் குழாயைக் குத்தி, அதிலிருந்தே மூச்சு இழுத்து வளரும் இன்னொரு வகைக் கொசுவும் உண்டு. அதனால்தான் ஏரியில் அந்தச் செடியை அள்ளாமல் மருந்து மட்டும் தெளித்தால் பலன் கிடைப்பதில்லை. மலேரியாக் கொசுவான அனாபிலிஸ் ஓரளவு சுத்தமான நீரில், கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் கூட முட்டையிடும். சுவரில் உட்காரும்போது வாலைத் தூக்கிச் சாய்வாக உட்காரும். கியூலெக்ஸ் சுவரோடு ஒட்டினாற்போல் உட்காரும். பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்றைக்கு அறைவாசிகள் அதிகம் பயப்பட வேண்டியது மூன்றாவதற்கு. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட ஈடிஸ். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொண்டுவருவது இதுதான். சாக்கடைப் பக்கம் இது போகாது. வீட்டு டிரம், பூந்தொட்டித் தட்டு, ஏர்கூலர், மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், உடைந்த பக்கெட் போதும். கடிப்பதும் பகலில். இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வந்து படுக்கிறவர் கொசுவலை கட்டுவதில்லை. ராத்திரிதான் கொசு என்று நினைப்பு. அவரைத்தான் இது சுகமாகக் கடிக்கிறது. வெகுதூரம் பறக்கும் ஜாதியுமல்ல. நம்மைக் கடித்த ஈடிஸ் பெரும்பாலும் நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

முட்டையைத் தண்ணீருக்குள் இடாமல், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். டிரம் காய்ந்தாலும் முட்டை மாதக் கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பிடித்ததும் பொரிந்துவிடும். டிரம்மைக் காலி செய்தால் போதாது என்பது இதனால்தான். வாரம் ஒரு தடவை உட்புறத்தைத் தேங்காய் நாரோ பிரஷோ போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். இங்குள்ள வெயிலுக்கு முட்டை கொசுவாகி வர ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே மாதம் ஒரு தடவை கழுவிப் பயனில்லை.

காய்ச்சல் வந்ததும் மெடிக்கல் ஷாப்பில் ஏதாவது மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போகிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். அத்துடன், டெங்குவில் ஜுரம் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். ஜுரம் விட்டுவிட்டது என்று எழுந்து வேலைக்குப் போகும்போது வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காந்தி ஆஸ்பத்திரியும் உஸ்மானியா ஆஸ்பத்திரியும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளே.

ஆறு கால் ஜீவன்

கொசுவின் கதை இப்படி. ஆனால் கொசு, பூச்சிக் குலத்தில் ஒரு சின்னக் கிளைதான். இதுவரை பெயர் வைக்கப்பட்ட பூச்சி வகைகள் மட்டும் ஏறக்குறைய பத்து லட்சம். தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி, ஆறு கால் இருந்தால்தான் பூச்சி. சிலந்திக்கும் தேளுக்கும் எட்டுக் கால். அவை இந்தக் குலம் அல்ல.

பூச்சிக்கு எலும்பு வெளியே இருக்கிறது. மேல்தோலே அதன் எலும்பு. அது வளராது, ஆகவே சட்டை சிறுத்துப்போன பையன் மாதிரி அவ்வப்போது தோலைக் கழற்றிப் போட்டுப் புதுத் தோல் போட்டுக்கொள்கிறது. நுரையீரல் கிடையாது. உடம்பின் பக்கவாட்டில் சின்னத் துளைகள். அவற்றின் வழியே காற்று குழாய் குழாயாக உள்ளே போய் எல்லா இடத்துக்கும் நேரே சேர்கிறது. காற்றைச் சுமக்கும் வேலை ரத்தத்துக்கு இல்லாததால் பூச்சியின் ரத்தம் பொதுவாகச் சிவப்பாக இருப்பதில்லை. கொசுவை அடித்ததும் சுவரில் தெரியும் சிவப்பு நம்முடையதே. அதுவும் பெண் கொசு குடித்தது. முட்டை வளரப் புரதம் வேண்டுமென்று பெண் மட்டுமே ரத்தம் குடிக்கிறது. ஆண் கொசுவுக்குப் பூந்தேனே ஆகாரம்.

கரப்பான்பூச்சிக் குஞ்சு பார்க்கக் கரப்பான் மாதிரியே இருக்கும். இறக்கை மட்டும் இராது. வண்ணத்துப்பூச்சி, கொசு, வண்டு முதலியன அப்படியல்ல. முட்டை, புழு, கூட்டுப்புழு, பிறகு பூச்சி. புழுவுக்கு ஒரு சாப்பாடு, பூச்சிக்கு இன்னொரு சாப்பாடு. தாயும் பிள்ளையும் ஒரே இலைக்குச் சண்டை போட வேண்டியதில்லை. பூச்சிகள் இத்தனை பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூட்டுப்புழு என்றதும் பட்டு ஞாபகம் வரும். ஒரு பட்டுக்கூட்டில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஒரே இழையாக நூல் இருக்கும். காஞ்சிபுரம் சேலையோ, இங்குள்ள போச்சம்பள்ளிச் சேலையோ (இது நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் போச்சம்பள்ளி அல்ல), எல்லாம் அந்தப் புழு தனக்காகக் கட்டிய வீட்டைப் பிரித்து நெய்ததே. உப்பல் இன்னர் ரிங் ரோட்டில் டி.என்.ஏ. கைரேகை ஆராய்ச்சி மையம் என்று ஒன்று உண்டு. குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க உதவும் இடம் என்றே பலரும் அறிவார்கள். பட்டுப்புழுவின் மரபணு ஆராய்ச்சியிலும் அந்த நிறுவனம் பெயர் பெற்றது. 2012-இல் காலமான விஞ்ஞானி ஜே. நாகராஜுவும் அவருடைய குழுவினரும், பட்டுப்புழுவைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் வைரஸைத் தாங்கி நிற்கும் புழுவை உருவாக்கிக் காட்டினார்கள்.

அதிகாரி சொன்னதில் சரியான பாதி

பெங்களூர் அதிகாரி சொன்ன இயற்கையின் ஒழுங்கு என்பது பொய்யல்ல. தண்ணீரில் உள்ள கொசுப்புழுவை மீனும், தட்டானின் குஞ்சும் தின்கின்றன. கொசுவைத் தட்டானும் வௌவாலும் சிலந்தியும் பிடிக்கின்றன. செத்த மரத்தைக் கரையான் மண்ணாக்குகிறது. சாணி உருட்டும் வண்டை நாம் சட்டை செய்வதில்லை, ஆஸ்திரேலியாக்காரர்கள் செய்தார்கள். அங்கே வெள்ளைக்காரர்கள் மாடுகளைக் கொண்டுபோனார்கள். அந்நாட்டு வண்டுகளுக்குக் கங்காருச் சாணம்தான் பழக்கம். மாட்டுச் சாணம் மேய்ச்சல் நிலத்தில் காய்ந்து கிடந்து, ஈ பெருகி, கடைசியில் 1968 முதல் வெளிநாட்டுச் சாணி வண்டுகளை வரவழைத்து விட வேண்டியதாயிற்று.

மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் நம்மவர்கள் பாடுபட்டது எல்லோருக்கும் தெரியும். அங்கே பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் தூவுவதும் தோட்டத் தொழிலாளர் வேலையாக இருந்தது. காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ற நினைப்பு, போதுமானபடி சேரவில்லை. செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில் அந்த வேலையை ஒரு சிறு கூன்வண்டு செய்வதைக் கண்டுபிடித்து, காமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்து 1981-இல் மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். கையால் தூவும் வேலை நின்றுபோயிற்று. சிலருக்குக் கூலி போயிற்று என்பதும் உண்மைதான்.

இந்த ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதை அறிய வெளிநாடு போக வேண்டாம். உப்பலிலிருந்து புறப்படும் சாலை வாரங்கல்லுக்குப் போகிறது. அங்கே 1997-98-இல் பருத்தியில் புழு விழுந்தது. கடன் வாங்கி மருந்து அடித்தார்கள். புழு சாகவில்லை, திரும்பத் திரும்ப அடிபட்டு மருந்துக்குப் பழகிவிட்டது. செத்தவை புழுவைத் தின்னும் பொறிவண்டும் குளவியும் சிலந்தியும். எதிரி இல்லாத வயலில் புழு இன்னும் பெருகியது. பயிர் போய், கடன் கழுத்தை நெரிக்க, புழுவுக்கென்று வாங்கிய அதே மருந்தைக் குடித்துப் பல விவசாயிகள் உயிரை விட்டார்கள். கம்மம் பக்கத்தில் புனுகுலா என்ற கிராமம் அதற்குப் பின் மருந்தையே நிறுத்தியது. வேப்பங்கொட்டைக் கஷாயம், பூண்டு மிளகாய்க் கரைசல், அந்துப்பூச்சியை இழுக்கும் பொறி, பறவை உட்கார வயலில் குச்சி என்று மாறினார்கள். செலவு இறங்கியது, அடகில் போன நிலங்களைக்கூடச் சிலர் மீட்டார்கள்.

நம் பக்கத்துச் சேதியும் ஒன்று உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் மாவு பூசினாற்போல் ஒரு வெள்ளைப் பூச்சி காணப்பட்டது. மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி, எப்படியோ வந்துவிட்டது. ஓரிரு ஆண்டுகளில் ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் என்று பரவிற்று. பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, பட்டுப்புழுவுக்குப் போடும் மல்பெரி எல்லாவற்றிலும் ஏறிற்று. மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. மருந்தடித்த மல்பெரி இலையைப் பட்டுப்புழுவுக்குப் போடவும் முடியாது. மல்பெரித் தோட்டத்தையே பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. நம் ஊர்களிலிருந்து பிழைப்புக்கு இங்கே வந்திருப்பவர்களில் பலருடைய வீட்டு நிலம் அந்த மாவட்டங்களில்தான் இருக்கிறது.

பெங்களூரிலுள்ள மத்திய சர்க்காரின் பூச்சி ஆராய்ச்சி நிலையம் 2010-இல் அமெரிக்காவின் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைச் சிறு குளவிகளை வரவழைத்தது. குளவி என்றதும் பயப்பட வேண்டாம். கொசுவைவிடப் பொடிசு; கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று முடித்து, வெறும் கூட்டில் ஓட்டை போட்டு வெளியே வரும். வேறு பயிருக்கோ பட்டுப்புழுவுக்கோ அதனால் கேடில்லை என்று சோதித்துப் பார்த்தபின், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகம் லட்சக்கணக்கில் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்தது. மூன்றில் அசிரோஃபேகஸ் என்ற வகை நன்றாக ஊன்றிக்கொண்டது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. பிடுங்கிய இடத்தில் மறுபடி மல்பெரி நட்டார்கள்.

குளவியை வாங்கிப்போன விவசாயிகளுக்கு அதிகாரிகள் அப்போது சொன்ன நிபந்தனை ஒன்றுதான். குளவி விட்ட தோட்டத்தில் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் மாவுப்பூச்சிக்கு முன்னால் குளவி செத்துவிடும்.